கட்டாரிக்குள் ஒரு துப்பாக்கி

ஜெய்ப்பூர் நகர அரண்மனையின் ஆயுதக் கூடத்தில் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரு கட்டாரியின் முன்னால்தான். கத்தியின் இருமருங்கிலும் இரு சிறு துப்பாக்கிக் குழல்கள்!

கட்டாரியின் பிடி வாளின் பிடியைப் போன்றதன்று. பக்கவாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே குறுக்காக அமைந்திருக்கும். அதை முஷ்டியால் பற்றினால், கத்தி விரற்கணுக்களுக்கு நேரே நீளும். ஆகவே முஷ்டி எங்கு நோக்குகிறதோ, குழலும் அங்கேதான் நோக்கும். குறிபார்க்க வேறு வழியில்லை. குழலுக்கு ஒரே குண்டு. மீண்டும் மருந்திட்டுக் கெட்டிக்கக் கைகலப்பில் நேரம் ஏது?

"இது பயந்தவனுக்குச் செய்த ஆயுதம்" என்றார், எங்களுள் ராணுவத்தில் பணியாற்றிய நண்பர். எங்களுக்குச் சற்றுக் கோபமே வந்தது. குண்டு தவறினாலும் கை வெறுமையாகிவிடலாகாது என்றெண்ணுவது அச்சமா, அனுபவமா? போருக்கன்றிக் காட்சிக்கும் அன்பளிப்புக்குமே இத்தகையவை பெரிதும் செய்யப்பட்டன என்றார் மற்றொருவர். இருக்கலாம். ஆனால் அன்பளிப்பாகப் பெற்றவனும் இரவில் அதைத் தலையணையருகே வைத்திருக்க மாட்டானா என்ன?

பேச்சு பஞ்சாபுக்குத் திரும்பியது. 1849இல் சீக்கிய அரசு ஆங்கிலேயர் வசமானது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க மட்டுமன்றி, வாளேந்தி நடமாடவும் உரிமம் கோரியது. சமயக் கடமையாகக் கிர்பான் அணிந்த சீக்கியருக்குப் பஞ்சாபில் அச்சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது 1914இல்தான். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளைப் பற்றிப் பேசியபடியே வெளியே வந்தோம்.

நண்பரைக் காணவில்லை. திரும்பிச் சென்று பார்த்தால், அதே கண்ணாடிப் பேழையின் முன் நின்றிருந்தார், வலக்கை முஷ்டியை மூடியபடி.