இலை போட நேரமாகும்

பிரயாணம் புறப்படுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கோபுரத்தையும் கடலையும் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். சாப்பாட்டுக்கு முதலில் வழி செய்துகொண்டு, நேரம் இருந்தால் கோபுரத்தைப் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் எந்த ரகம் என்பது என் நண்பர்களுக்குத் தெரியும். என் இடுப்புச் சுற்றளவைப் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போகும் சாலை இருக்கிறதே, அது என் போன்றவர்களைச் சோதிப்பதற்கென்றே போட்ட சாலை. அழகுக்கு ஒன்றும் குறைவில்லை. ஒரு பக்கம் கடல்; மறு பக்கம் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பினாற்போல் தேரி மணல்; எங்கு திரும்பினாலும் பனை. குலசேகரன்பட்டினத்தைத் தாண்டி மணப்பாட்டுக்குப் போனால், கடலுக்குள் நீண்டு நிற்கும் மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே இருக்கிறது. எல்லாம் வாஸ்தவம். ஆனால் வயிறு கூப்பிடுகிற நேரத்தில், பெரிய போர்டு மாட்டிய ஹோட்டலைத் தேடிக் கண்தான் பூத்துப்போகும்.

இந்தப் பக்கத்தில் சாப்பாட்டுக்குப் போர்டு கிடையாது, பருவம்தான் உண்டு. பங்குனி பிறந்துவிட்டால் பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் புளிக்காமல் இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் பனையோலைப் பட்டையில் வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். மிச்சத்தைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்தக் காப்பியைக் குடித்தவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே கொடுத்துவிட்டார்கள். தை மாதம் வந்தால் பனங்கிழங்கு. இனிப்பு வேண்டுமென்றால் முதலூருக்குப் போய், தேங்காய்ப் பாலில் கிண்டிய மஸ்கோத்து அல்வா வாங்கலாம்.

மீனுக்கும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் வள்ளக்காரர்கள் கரையோரத்தில் பிடித்து வருவதுதான் குழம்புக்கு. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன், அந்த ஆனி மாதத்து மத்தியானம் வரை.

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே ஒரு சிற்றூர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் போய் நிற்பீர்கள். அங்கே இருப்பதோ இரண்டே பெஞ்சு. ஓலைச் சார்ப்பு, ஓர் அடுப்பு, ஐம்பது வயதுக்குமேல் இருக்கும் ஓர் அம்மாள். அவள் வைக்கும் மீன் குழம்பைப் பற்றி என் கார் டிரைவர் வழியெல்லாம் புராணம் படித்துக்கொண்டு வந்தார்.

"இருங்க அண்ணாச்சி, இலை போட செத்த நேரமாவும்" என்றாள்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம். சோறு வடித்தாகிவிட்டது. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து வைத்தாகிவிட்டது. புளியும் கரைத்தாகிவிட்டது. ஒன்றரை ஆயிற்று. அவள் அடிக்கடி பின்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாளே தவிர, அடுப்பில் சட்டி ஏறவில்லை.

எனக்குப் பசி வந்தால் பண்பு போய்விடும். "ஏம்மா, மணி இரண்டாகப் போகிறது. நேரத்துக்குச் சோறு போட முடியாவிட்டால் கடை எதற்கு?" என்று கேட்டே விட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மறுபடியும் பின்பக்கம் போய்விட்டாள். எதிரே உட்கார்ந்து வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த கிழவர்தான் தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"கோவப்படாதீங்க தம்பி. அவ மவன் போன வள்ளம் காலைல ஏழு மணிக்கே கரை பிடிச்சிருக்கணும். கச்சான் காத்து எழும்பிட்டு. இன்னும் காங்கல."

என் பசி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். அவள் நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கரையில் இன்னும் பத்துப் பேர் அப்படியே நின்றார்கள். யாரும் பேசவில்லை. நானும் போய் நின்றேன். ஆனால் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேல் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. எஞ்சின் நின்றுபோன வள்ளத்தை இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. பையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். அவள் ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள் என்று, நாவல் எழுதுகிறவனாகிய நான் எதிர்பார்த்தேன்.

"மணி எத்தனன்னு தெரியுமால? சோறு ஆறிப் போச்சு" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே வள்ளத்துக்குள் கையை விட்டு, கிடந்த சாளையை முந்தானையில் வாரிக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

நாலு மணிக்கு இலை விழுந்தது. பையன் என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தலை தூக்காமல் சாப்பிட்டான். குழம்பைப் பற்றி டிரைவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடம்மா" என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அகப்பை நிறைய அள்ளிப் போட்டாள்.