டீசல் ஃபில்டரும் மாவு அண்ணாச்சியும்

2019 ஜனவரி. காலை 5.30 மணி, நல்ல பனி. ஆர்.கே.புரத்துல எங்க குவார்ட்டர்ஸ் கீழே மாவு அண்ணாச்சியோட ஹரியானா நம்பர் பிக்கப் இருமிட்டு நின்னுடுச்சு. உள்ளே 30 வீட்டுக்கு இட்லி மாவு. மெக்கானிக் 10 மணிக்குத்தான் வருவாராம்.

"புது ஃபில்டர் வண்டியிலயே கிடக்கு சார், லைட் மட்டும் அடிங்க" என்றார்.

பழைய ஃபில்டரோட அடித்திருகைத் திறந்ததும் முதல்ல வந்தது டீசல் இல்லைங்க, தண்ணி! டீசலை விடக் கனம்கிறதால அடியில தங்கிடுமாம். புதுசோட ரப்பர் வளையத்துல டீசல் தடவி, கையாலயே இறுக்கினார்.

சாவியைத் திருப்பினா... ம்ஹூம். லைன்ல காத்து. அவர் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்த, நான் கைப்பம்பை அமுக்கினேன். நுரை நின்னு சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் அமுக்கினேன். ஸ்க்ரூவை மூடித் திருப்பினார். டுர்ர்ர்!

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு நாள் மாத்தலை?"

"10 வருஷம் ஆன டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிடுச்சு. போன வருஷம் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு. இதுக்கு வயசு 8. இனி எதுக்குச் செலவுன்னு தள்ளிட்டேன். தவணையும் கட்டணும்ல?"

வண்டிக் கடன் ஃபைல்ல 'பராமரிப்பு'ங்கிற வரியை எத்தனை பேருக்குக் கேள்வி கேட்டுக் குறைச்சிருக்கேன்! அந்த வரியிலதான் இந்த ஃபில்டரும் இருந்திருக்கு. அண்ணாச்சிகிட்ட எதுவும் சொல்லலை. இப்பல்லாம் அந்த வரியில கை வைக்கறதில்லை.

டிஸ்கி: டீசல் வாசனை போற வரைக்கும் இட்லியை ஸ்பூன்லதான் சாப்பிடணும்னு தங்கமணி உத்தரவு :-)