பீலியடியிற் கசியும் நீர்

மழைக்குக் குறைவற்ற கொட்டகலையைச் சேர்ந்த ஒருவர் நீர்க்கசிவைப் பற்றி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். டெவன் அருவிக்கு அண்மையில் வாழ்வோருக்கும் தண்ணீர்க் கவலையா என நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆனால் அருவியில் வீழும் நீர் வேறு; அடுப்படிக்கு வந்து சேரும் நீர் வேறு. மலையுச்சி ஊற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து லயத்துப் பீலிக்கும் இறங்கிவரும் நீர், இடையிலுள்ள ஒவ்வொரு குழாய் இணைப்பையும் தப்பியே நம் குடத்தை அடைகின்றது.

மலைச்சரிவில் குழாய்க்குப் பகை பல. இரும்புக்குழாய் மரையிடத்தில் துருப்பிடிக்கின்றது. மண்ணுக்கு மேல் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் வெயிலில் நொய்ந்து வெடிக்கின்றது. மழைக்காலத்தில் மண் சரியும்போது இணைப்புகள் இழுபட்டுக் கழல்கின்றன. தொட்டியிலிருந்து ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் குழாயினுள் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. ஆதலின் பள்ளத்து லயங்களில் வாசர்கள் விரைவிலேயே தேய்ந்துவிடுகின்றன. எனினும் மேட்டில் கசிவு மிகுந்தால், பள்ளத்துக்கு வரவேண்டிய நீரே குறைந்துவிடும். கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் பீலியடியில் குடத்தோடு காத்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கு, எங்கோ மேட்டில் நனைந்துகிடக்கும் புற்றரை காரணமாகலாம்.

கசிவால் நேரும் கேடு நீரிழப்பு மட்டுமன்று. நீர் நின்றதும் குழாயினுள் அமுக்கம் தாழ்கின்றது. அப்போது வெடிப்புள்ள இடம் கானை ஒட்டியிருந்தால், கழிவுநீர் உட்புக வழியுண்டு. மறுநாள் அதனையே குழந்தைகள் பருகுவர்.

கசிவைக் கண்டறியப் பெருங்கருவி வேண்டியதில்லை. என் தந்தையார் இரவில் எல்லாப் பீலிகளும் அடைபட்டபின் குழாயோரமாக நடந்து, ஓசையைக் கொண்டே கசிவை அறிவார். கோடையிலும் பசுமை மாறாத புற்பத்தை அவருக்கு மற்றோர் அடையாளம். நீர்மானியுள்ள வீடுகளில் குழாய்களையெல்லாம் மூடி, இரண்டு மணி நேரம் கழித்து மானியைப் பார்த்தாற் போதும். இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகின்றது. சொட்டும் குழாயின் கீழ் வைத்த ஒரு லீற்றர்ப் போத்தல் 20 நிமிடத்தில் நிரம்பினால், நாளொன்றுக்கு 72 லீற்றர் வீணாகின்றது எனக் கணக்கிடலாம். சிறிய குடும்பமொன்று சமைக்கவும் குடிக்கவும் அதில் ஒரு பகுதியே போதும்.

பழுதுபார்த்தலும் அரிதன்று. தேய்ந்த வாசரை மாற்றுவதும், மரையில் நாடா சுற்றுவதும், குழாயை மண்ணுள் ஆழப் புதைப்பதும் எவரும் கற்கக்கூடியவை. ஆயினும் லயங்களில் சைக்கிள் டியூப் கட்டிய குழாய்களையே ஆண்டுக்கணக்கில் காண்கின்றோம். அறியாமை இதற்குக் காரணமன்று. குழாய் யாருடையது என்ற கேள்விக்கு விடை இல்லாமையே காரணம். காம்பிரா குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. பீலியோ பலருக்கும் பொது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அச்சட்டம் 2018இலேயே திருத்தப்பட்டது. கொட்டகலைக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்ததும் அவ்வாண்டிலேதான்.

கசிவு தோட்டத்துக்கு மட்டும் உரிய குறையுமன்று. 2012ஆம் ஆண்டளவில் கொழும்பு மாநகருக்கு வழங்கப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி, கசிவாலும் முறையற்ற இணைப்புகளாலும் வருமானம் தராமற் போயிற்று. அங்கே அதனைக் கணக்கிட ஒரு சபை இருந்தது. குறைக்கத் திட்டமும் வகுக்கப்பட்டது. லயத்துக் கசிவை அளப்பார் இல்லை.

ஆதலின் லயந்தோறும் ஒரு குறிப்பேடும், குழாயைப் பார்த்துவர முறைவைத்து ஒருவரும், சிறிதளவு பொதுப்பணமும் வேண்டும். கசிந்த இடமும் நாளும் அதில் எழுதப்படல் வேண்டும். அந்த ஏட்டைக் கையிலேந்திச் சபையின் வாயிலுக்குச் செல்வோமாயின், எம் கோரிக்கையை வெறும் முறைப்பாடென ஒதுக்குதல் எவர்க்கும் எளிதன்று. கற்ற இளைஞர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது செய்யத்தக்க முதற்பணி இதுவாகும்.