மூக்கு ஓடுமா?

ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில், சளி பிடித்த ஒரு சிறுவனின் மூக்கு 'ரன்' ஆவதாக ஒரு வரி வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பித் தமிழில் சொல்லச் சொன்னார் ஆசிரியர். "அவன் மூக்கு ஓடிக்கொண்டிருந்தது" என்றான். வகுப்பே சிரித்தது. "மூக்குக்குக் கால் முளைச்சிருக்காடா?" என்று ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். அந்த வருஷம் முழுக்க ஆங்கில வகுப்பில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. ரன் என்றால் ஓடு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே நம்பியதுதான் அவன் செய்த குற்றம்.

அந்தச் சின்னச் சொல் எவ்வளவு பெரியது என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள்கள். அதுதான் அப்போது முதலிடம். பிறகு நடந்த திருத்த வேலையில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. அந்த ஒரு வினையைப் பிரித்து அடுக்கி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. ரயிலும் இயந்திரங்களும் வந்த பிறகு இந்தச் சொல்லுக்கு வேலை கூடிப்போனது.

நம்முடைய 'ஓடு' மட்டும் சும்மாவா இருக்கிறது? படம் நூறு நாள் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது. பதறிப்போனால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. கை ஓடும் மொழியில் மூக்கு ஓடினால் என்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். தமிழில் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லை அவனுக்கு எடுத்துக் கொடுத்திருந்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. ஆங்கிலேயர் கடையை 'ரன்' செய்கிறார். நாம் கடையை நடத்துகிறோம். நட என்ற வினையிலிருந்து வந்ததுதானே நடத்து! ஒரே காரியத்தை அவர்கள் ஓடவைத்துப் பார்க்கிறார்கள், நாம் நடக்கவைத்துப் பார்க்கிறோம். கடை, பள்ளிக்கூடம், பத்திரிகை, கல்யாணம் எல்லாமே நமக்கு நடப்பவை. அரசுப் பேருந்தில் ஏறினால் இரண்டும் ஒன்றாக வருகின்றன: முன்னால் ஓட்டுநர், உள்ளே நடத்துநர். தேர்தல் என்று வந்தால் அமெரிக்கர் 'ரன்' என்பார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' என்பார். நம் ஊர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். ஒரே ஆங்கிலத்துக்குள்ளேயே ஓட்டமும் நிலையும் இருக்கும்போது, ஒரு வினைக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று எப்படிக் கட்டிப்போடுவது?

ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரன் என்றால் ஓடு என்று எழுதுங்கள், தவறில்லை. அதன் கீழே தேர்தலும் கடையும் மூக்கும் வருகிற மூன்று வாக்கியங்களையும் சேர்த்து எழுதுங்கள். "மூக்கு ஓடுகிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.