அடுப்படியில் விழுந்த அரியர்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பர்களிடம், "எனக்குக் கவிதை வராது. வேண்டுமானால் அடுப்பைப் பற்றி எழுதித் தருகிறேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மெக்கானிக்கல் பையன் அடுப்பப் பத்தி எழுதாம வேற யாரு எழுதுவா? எழுதுடா" என்றார்கள். எழுதிவிட்டேன். சிரிப்பதும் சிந்திப்பதும் இனி உங்கள் பாடு.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கிழக்கே தெருக்கதவு, மேற்கே ஒரு ஜன்னல். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்றால் வீட்டுக்கு வர இரண்டு நாள்கூட ஆகும். அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறார். விடியற்காலை நான்கு மணிக்கு உள்ளே அடுப்பு பற்றவைத்தால்தான் ஐந்தரைக்கு கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி கிடைக்கும். தாத்தா அந்தக் காலத்தில் காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டியவர். இப்போது வாசலில் கயிற்றுக் கட்டில்தான் அவருக்கு எல்லாம்.

இந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அடியேன். அதனால் ஃபேன் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன ஏப்ரலில் சிலிண்டர் விலை கட்டுப்படியாகவில்லை என்று அம்மா புலம்பியபோதும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

நான் சொன்ன யோசனை: பெல்லட் அடுப்பு.

மரத்தூள், கடலைத்தோல் போன்றவற்றைப் பொடித்து, இயந்திரத்தில் அழுத்தி, பென்சில் துண்டுபோல வெளியே தள்ளுவார்கள். அதுதான் பெல்லட். பசை எதுவும் வேண்டியதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகிப் பசையாகிவிடும். இத்தாலி, ஆஸ்திரியா, சுவீடன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே இந்த அடுப்பை வைக்கிறார்கள். எங்கள் வீட்டைச் சூடாக்கச் சித்திரை வெயிலும் அந்த ஷீட்டும் போதும்! எங்களுக்கு வேண்டியது இட்லிப் பானைக்கு அடியில் சூடு.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பி.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'ஊர்ஜா' என்ற சின்ன பெல்லட் அடுப்பு 2006-இல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் விற்றது. நிலக்கரி அனல்மின் நிலையங்களில் 5 சதவீதம் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறையும் 2021-இல் கொள்கை வகுத்தது. இவ்வளவும் சொன்னேன். தாத்தா மட்டும், "இது நம்ம ஆயா எரிச்ச மரத்தூள் அடுப்புதானடா" என்றார். தகர டின்னின் நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைப்பார்களே, அந்த அடுப்பு. "அது வேற, இது வேற தாத்தா. இதுல ஃபேன் இருக்கு" என்று அவர் வாயை அடைத்தேன்.

அடுப்பைத் தேர்ந்தெடுத்ததில் நான் கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்ளுங்கள். கடைக்காரர் மணிக்கு 5 கிலோ எரியும் பெரிய அடுப்பைத் தலையில் கட்டப் பார்த்தார். நான் நோட்டை எடுத்தேன். எங்களுக்கு 19 கிலோ சிலிண்டர் ஒன்பது நாள் வரும். கேஸில் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி, பெல்லட்டில் சுமார் 4,000. கேஸ் அடுப்பின் திறன் நூற்றுக்கு 60 என்றும் பெல்லட் அடுப்பின் திறன் 35 என்றும் வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய ஏறக்குறைய 90 கிலோ பெல்லட் வேண்டும். அதாவது நாளைக்கு 10 கிலோ. காலையும் மாலையும் சேர்த்து ஏழு மணி நேரம் அடுப்பு எரிகிறது என்றால் மணிக்கு ஒன்றரைக் கிலோகூட ஆகாது. ஆகவே 2 கிலோ அடுப்பே தாராளம்! பெல்லட் எங்களுக்குக் கிலோ 14 ரூபாய்க்குக் கிடைத்தது. 90 கிலோவுக்கு 1,260 ரூபாய். சிலிண்டரோ 1,800-க்கு மேல். அம்மாவுக்குக் கணக்குப் புரியவில்லை, மிச்சம் புரிந்தது. "எம்புள்ள படிச்சது வீண்போகல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்தது, அடுப்பை எங்கே வைப்பது? ஒரு சாயங்காலம் ஊதுவத்தியைக் கொளுத்தி அறையின் நான்கு மூலையிலும் பிடித்துப் பார்த்தேன். கிழக்கே கதவு வழியாக வந்த கடற்காற்று புகையை அள்ளிக்கொண்டு போய் மேற்கு ஜன்னலில் தள்ளியது. முடிந்தது விஷயம். ஜன்னலுக்குக் கீழே அடுப்பை வைத்தேன். சிம்னிக்கு இன்னும் மூவாயிரம் ஆகும் என்றார்கள். இயற்கையே புகையை வெளியேற்றும்போது சிம்னி எதற்கு என்று விட்டுவிட்டேன். சாயங்காலக் கடை ஜோராக நடந்தது.

மறுநாள் விடியற்காலை. நான் புழுக்கத்துக்குப் பயந்து எதிர்வீட்டு மொட்டை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல, தெருநாய் உள்ளே வந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். நாலரை மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. அடுப்பின் ஃபேன் நின்றது. ஆனால் சூடான பெல்லட் உள்ளே கனிந்துகொண்டுதான் இருக்கும். போதிய காற்று இல்லாமல் கனிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தெர்மல் இன்ஜினியரிங் வகுப்பில் இதைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதி எட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

வாசலில் படுத்திருந்த தாத்தாவுக்கு உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. கதவை இடித்துத் திறந்து அம்மாவை வெளியே இழுத்துப் போட்டவர் அந்த எழுபத்தைந்து வயதுக் கிழவர்தான். கூச்சல் கேட்டு நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அம்மா தெருவில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் போகும்போது என்னை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானம் அம்மா எழுந்து உட்கார்ந்து, ஊறவைத்த அரிசி என்ன ஆச்சு என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே பெஞ்சில் தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டா, அடுப்ப மேக்கால வெச்சியே, விடியக்காலையில காத்து எங்கேர்ந்து வரும்னு யாரையாவது கேட்டியா?"

"கடல்காத்துதானே தாத்தா..."

"அது மத்தியானத்துக்கு மேல. ராவுல தரை குளுந்துடும். காத்து தரையிலேர்ந்து கடலுக்குப் போவும். அதுல பாய் விரிச்சித்தான் நாங்க தொழிலுக்குப் போவோம். அப்பால கடல்காத்துல திரும்பி வருவோம். அதுலதான்டா உங்கப்பன வளத்தேன்."

நிலக்காற்று, கடற்காற்று! பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்த அதே பாடம். பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் அது எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வருகிற காற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சோதித்தது சாயங்காலத்தில், அடுப்பு எரிவது விடியற்காலையில். மேற்கிலிருந்து வந்த காற்று, ஜன்னல் வழியாகப் போக வேண்டிய நச்சுக்காற்றை அப்படியே அறைக்குள் தள்ளியிருக்கிறது. எதிரே கதவும் சாத்தியிருந்தது.

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் தாத்தா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுப்பைத் தூக்கிப் போடவில்லை. இந்த முறை நால்வரும் உட்கார்ந்து பேசினோம். அடுப்பு வெளியே வாசல் பந்தலுக்கு வந்தது. மூன்று பக்கம் திறப்பு, சாயங்காலக் கடற்காற்று தீயைக் கலைக்காமல் இருக்கக் கிழக்கே மட்டும் இடுப்பளவு செங்கல் சுவர். சிம்னிக் குழாய் கூரைக்கு மேல் மூன்று அடி. பத்தடிச் சுற்றளவில் உயரமான எதுவும் இருந்தால் அதைவிட இரண்டடி கூடுதலாக வைக்க வேண்டும் என்பது விதி. அப்பா பழைய பைக் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தார், கரண்ட் போனால் ஃபேன் நிற்காதபடி இணைத்தேன். பெல்லட் மூட்டையும் படுக்கிற அறையைவிட்டு வெளியே போனது. குவித்து வைத்த பெல்லட் எரியாமலேயே கார்பன் மோனாக்சைடு விடும். 2006-இல் சுவீடனில் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில், பெல்லட் ஏற்றிவந்த கப்பலின் சரக்கறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய ஒரு மாலுமி இப்படித்தான் இறந்துபோனார். நம்மில் பலர் நாளை துறைமுகத்தில்தான் வேலைக்குப் போகப் போகிறோம். நினைவில் வையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார்: "நான் நின்னுக்கினு வேலை செய்யணும். பானை மூடி என் நெஞ்சுக்கு மேல வருது. ஆவி மூஞ்சியில அடிக்குது. அதை யாருமே கேக்கலையே..." அடுப்பின் காலை நான்கு அங்குலம் அறுத்தேன்.

நண்பர்களே, நம்மில் பலபேர் வீட்டில் நாம்தான் முதல் பட்டயக்காரர்கள். வீட்டில் நம் பேச்சுக்கு இருக்கிற மரியாதையை நினைத்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. நாம் சொன்னால் அப்படியே செய்துவிடுவார்கள். அதனால் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தில் நிற்கிறவரிடம், அந்த நேரத்தில், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எனக்கு விழுந்த அரியரை நான் க்ளியர் செய்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மார்க் போட வேண்டியது தாத்தா.

திருவொற்றியூர் பக்கம் வந்தால் இட்லி சாப்பிட வாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் கடன் கிடையாது!



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்