ஏலக்காயும் ஏபிசி அனாலிசிஸும்

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல ஏபிசி அனாலிசிஸ்னு ஒண்ணு இருக்குங்க. வருஷத்துக்கு எவ்வளவு செலவாகுதோ அதை விலையால பெருக்கணும். எதுல பணம் அதிகமா முடங்குதோ அது 'ஏ'. அதை மட்டும் கண்ணுல எண்ணெய் ஊத்திப் பாத்துக்கணும்.

போன லீவுல அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. ஆறு வாரம். சமையல் என் தலையில. நான் சும்மா இருப்பேனா? முதல் நாளே அடுக்களையைத் தலைகீழா மாத்திட்டேன். ஏலக்காய், முந்திரி, நெய் எல்லாம் கைக்கு எட்டுற தட்டுல. உப்பு, புளி, கடுகு எல்லாம் சல்லிசான சாமான்தானேன்னு மேல்தட்டுல. (விலையை மட்டும் பார்த்தேன், பெருக்க மறந்துட்டேன். இந்த லட்சணத்துல அந்தப் பேப்பர்ல பாஸ் வேற!)

மூணாவது நாள் கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தா, அம்மா ஒத்தைக் கையால ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிட்டு இருக்காங்க. பதறிப் போய் இறக்கி விட்டேன்.

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானேம்மா?"

"ஒரு கல்லு உப்புக்குக் கூட உன்னைக் கூப்பிட்டுட்டு நிக்கணுமாடா?"

திட்டியிருந்தா பரவாயில்லைங்க. குரல் ஒரு மாதிரி உடைஞ்சிருந்துச்சு.

மறுநாள் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணினேன். உப்பு 11 தடவை. அஞ்சறைப் பெட்டி 8. காபிப்பொடி 5 (எங்க வீடு அப்படி). ஏலக்காய், பூஜ்யம்! ஏபிசி மாதிரியே எஃப்எஸ்என்னு இன்னொண்ணும் படிச்சிருக்கேன்: வேகமா நகர்றது, மெதுவா நகர்றது, நகராதது. படிச்சு என்ன, அப்போ ஞாபகம் வரலையே.

அடிக்கடி தேவைப்படுறதை எல்லாம் அடுப்புக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்தேன். திருகு மூடி டப்பாவை ஒத்தைக் கையால திறக்க முடியாது, நீங்களே வேணா முயற்சி பண்ணிப் பாருங்க. அதனால சும்மா தூக்கினா வர்ற மூடியா மாத்தினேன். ரவைக்கு ரெண்டு டப்பா. பழசு மேல புதுசைக் கொட்டுனா அடியில கிடக்குறது வண்டு வச்சிடுது. பழசு தீர்ந்த பிறகுதான் புது டப்பாவைத் தொடணும், நம்ம ஃபிஃபோதான். அதுக்கப்புறம் அம்மா உப்புக்காக என்னைக் கூப்பிடவே இல்ல.

கட்டுப் பிரிச்ச மறுநாளே எல்லாத்தையும் வலது பக்கத்துக்கு மாத்திட்டாங்க. முந்திரி பரணுக்குப் போயிடுச்சு, எனக்குப் பயந்துதான் :-) ரவை மட்டும் இன்னும் ரெண்டு டப்பாவுல இருக்கு.