சக்கரம் கழலும் முன்... நாமக்கல் பட்டறைகள் சொல்லும் பாடம்

நாமக்கல் என்றதும் முட்டை நினைவுக்கு வரும், அடுத்தது லாரி. நடு ஊரில் நிற்கும் மலைக்கோட்டையைத் தாண்டி வெளியேறும் சாலைகளில் லாரிகளுக்கு பாடி கட்டும் கூடங்கள் நிறைய. அவற்றை நம்பி லேத், வெல்டிங் பட்டறைகளும் பேரிங் கடைகளும் வளர்ந்திருக்கின்றன.

லாரிக்காக வந்த இந்தத் தொழில், பரமத்திவேலூர், மோகனூர் பகுதிக் கரும்பு விவசாயிகளுக்கும் கைகொடுக்கிறது. டிராக்டர் டிரெய்லரின் பின் ஆக்சில் பழுதைக் கரும்பு வெட்டுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பாரத்தோடு போகும்போது பேரிங் நொறுங்கினால், சக்கரம் ஹப்போடு கழன்று ஓடும். பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. வெட்டிய கரும்பு வழியில் காய்ந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும்.

பட்டறையில் முதல் சோதனை எளிது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரவெனச் சத்தம் வந்தாலோ ஹப்பைக் கழற்ற வேண்டியதுதான். டீசலில் கழுவிய பேரிங்கே காரணத்தைச் சொல்லிவிடும். துரு இருந்தால், ஆயில் சீல் கிழிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால், கிரீஸ் இல்லாமலோ நட்டு அதிகமாக இறுகியோ சூடேறியிருக்கிறது.

பலரும் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். பேரிங் உட்காரும் இடத்தில் ஆக்சில் தேய்ந்திருந்தால், புதுப் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்தி இறுக்கம் காட்டுவது தற்காலிக ஏற்பாடு. பாரம் ஏறியதும் புள்ளிகள் நசுங்கிவிடும். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து, லேத்தில் சரியான அளவுக்குக் கடைந்து எடுப்பதே முறை. ஆக்சிலில் வெடிப்போ வளைவோ இருந்தால் அதையே மாற்றிவிட வேண்டும்.

டேப்பர் பேரிங்கில் உள்வளையம் மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய வெளிவளையத்தை விட்டுவைக்கக் கூடாது. இரண்டும் ஜோடியாக மாற வேண்டும். ஆயில் சீலும் புதிதாக இருக்கட்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளின் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி ஏற்றுவார்கள். பிறகு ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, துளை நேர்ப்படும் இடத்தில் புது காட்டர் பின் போடுவார்கள். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். ஆட்டம் தெரியக் கூடாது.

வேலை அங்கேயே முடிந்துவிடாது. காலி வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் கவலையில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால், பாரம் ஏற்றாமல் பட்டறைக்கே திரும்புங்கள்.